தேனீ வீடு வாங்கப் போகிறீர்களா?

கேள்வி: 'தேனீ வீடு' என்று மூங்கில் குழாய்களை அடுக்கிய பெட்டியை ஆன்லைனில் 1,400 ரூபாய்க்கு வாங்கினேன். மாதம் அரைக் கிலோ தேன் வரும் என்று விளம்பரம். ஆறு மாதமாகியும் ஒரு சொட்டுகூட வரவில்லை. (வாசகி, திருவையாறு)

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், அம்மா. மூங்கில் குழாயில் தங்குபவை தனித்தேனீக்கள். ஒவ்வொரு பெண் தேனீயும் தனியாகக் கூடு கட்டி, முட்டைக்கு மகரந்த உருண்டையை வைத்து அடைத்துவிட்டுப் போய்விடும். நாம் எடுக்கும்படி தேன் சேர்க்காது. சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்றவர் மறுக்கக் கூடாது என்பது 2020ஆம் ஆண்டு மின்வணிக விதி. விளம்பரத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள். அசையவில்லையா? தஞ்சாவூர் நுகர்வோர் ஆணையத்தில் நீங்களே மனுக் கொடுக்கலாம், வக்கீல் வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணமும் இல்லை. விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: வாரம் ஒருமுறை தோட்டத்துக்குப் பூச்சிமருந்து அடிக்கிறேன். தேனீ வீட்டுக்கு எதுவும் வரவில்லை. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? (மன்னார்குடி)

பதில்: கேட்க முடியாது. முதலில் மருந்தை நிறுத்துங்கள்.

கேள்வி: கண்ணாடிக் குழாய் வைத்த தேனீ வீடு 2,200 ரூபாய். உள்ளே நடப்பதைப் பார்க்கலாமாம். வாங்கலாமா? (கும்பகோணம்)

பதில்: வேண்டாம். கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் ஈரம் வெளியேறாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பூஞ்சை பிடித்துத் தேனீப் புழுக்கள் செத்துவிடும். மூன்று வருடத்துக்கு முன் அழகைப் பார்த்து நானும் ஒன்று வாங்கினேன். குழாய்கள் ஒரு விரல் நீளம்கூட இல்லை, பாதி இடத்தில் மரச்சீவல். தை மாதம் பிரித்துப் பார்த்தேன். இலைவெட்டித் தேனீ ரோஜா இலையை வட்டமாக நறுக்கி, சுருட்டி அடைத்திருந்த அறைகள் எல்லாம் கறுத்துக் கிடந்தன. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. உயிர் தங்குமா என்று யோசிக்காமல் அலங்காரப் பொருளை வீடு என்று விற்பது பெரிய தப்பு.

காய்ந்த மூங்கில் போதும். 6 முதல் 10 மில்லிமீட்டர் துளையுள்ள துண்டுகளாக, சுமார் 15 சென்டிமீட்டர் நீளத்துக்கு, ஒரு முனையில் கணு அடைப்பாக இருக்கும்படி அறுங்கள். துளை வாயில் சிலாம்பு இல்லாமல் உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். கட்டாகக் கட்டி, காலை வெயில் படுகிற, மழைச்சாரல் படாத சுவரில் ஆடாமல் மாட்டுங்கள். தேனீக்கள் வெளியேறிய பழைய துண்டுகளை அவ்வப்போது மாற்றுங்கள்.

கேள்வி: கொட்டகை மூங்கிலில் கருவண்டு துளை போடுகிறது. கொல்ல 350 ரூபாய் ஸ்பிரே சொல்கிறார்கள். (மயிலாடுதுறை)

பதில்: வாங்காதீர்கள். அது தச்சுத் தேனீ. கத்தரிப் பூவை அதிர வைத்து மகரந்தத்தை உதிர்க்கிற வேலையைப் தேனுக்காகப் பெட்டியில் வளர்க்கும் தேனீயால் செய்ய முடியாது, இது செய்யும். கொட்டகையில் ஆளில்லாத துளைகளை மட்டும் களிமண்ணால் அடைத்துவிட்டு, வேலியோரம் ஒரு பழைய மூங்கிலைக் கட்டி வையுங்கள்.