விவாதம் யாருக்கு?

அன்புள்ள ஐயா,

சேலத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு சமூக அறிவியல் எடுக்கிறேன். பிள்ளைகள் பெரும்பாலும் விசைத்தறி, வெள்ளிக் கொலுசுப் பட்டறை வீட்டுப் பிள்ளைகள். தோழி ஏற்காட்டில் ஒரு போர்டிங் பள்ளியில் வரலாறு எடுக்கிறாள். அங்கே சுற்றி உட்கார்ந்து விவாதிக்கிறார்கள். இங்கே ஒரு மார்க் கேள்விகளை ஒப்பிக்க வைக்கிறேன். "விவாதமெல்லாம் பணக்காரப் பிள்ளைங்களுக்கு, நமக்கு மார்க் வந்தா போதும்" என்கிறார் தாளாளர். சரிதானா?

(பெயர் வேண்டாம்), சேலம்

அன்புள்ள டீச்சர்,

சரியில்லை. ஆனாலும் வட்டிக்கு வாங்கி ஃபீஸ் கட்டுகிற பெற்றோர் மார்க் கேட்பதில் தப்பே இல்லை, அவர்கள் பிள்ளைக்கு வேறு பிடிமானம் கிடையாது. மனப்பாடத்தையும் விட்டுவிடாதீர்கள், ஆண்டும் பெயரும் தெரியாத பிள்ளை எதை வைத்து வாதாடும்?

ஜீன் ஆன்யன் என்ற அமெரிக்க ஆய்வாளர் நியூஜெர்சியில் ஐந்து தொடக்கப் பள்ளிகளைக் கவனித்து 1980இல் எழுதினார்: தொழிலாளர் பிள்ளைகளுக்குச் சொன்ன வரிசைப்படி செய்வதுதான் படிப்பு, மேல்தட்டுப் பிள்ளைகளுக்கோ காரணம் யோசித்துச் சொல்வது. உங்கள் தாளாளர் சொல்வதும் அதேதான்.

வட்டமாக உட்காருவதற்குப் பணம் வேண்டும், உண்மை. அமெரிக்காவில் எக்ஸிடர் பள்ளிக்கு 1930இல் ஹார்க்னஸ் என்ற செல்வந்தர் அள்ளிக் கொடுத்த பிறகுதான் பன்னிரண்டு பேர் சுற்றி அமரும் மேஜை வகுப்பு அங்கே வந்தது. நல்ல கேள்வி கேட்க அந்தப் பணம் வேண்டாம்.

நம்ம ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1944இல் சேலம் மாநாட்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனது என்று ஒரு மார்க்கோடு தாண்டிவிடுகிறோம். அதே மாநாட்டில் அண்ணாதுரை கொண்டுவந்த தீர்மானம், வெள்ளைக்காரன் கொடுத்த சர், ராவ் பகதூர் பட்டங்களைக் கட்சிக்காரர்கள் துறக்க வேண்டும் என்றது. ஏன் துறக்கச் சொன்னார்கள், யாருக்கு அது வலித்திருக்கும், பட்டமே இல்லாத தறிக்காரர் அதை எப்படிக் கேட்டிருப்பார் என்று கேட்டுப் பாருங்கள். கூலிக்கும் சேதாரத்துக்கும் அப்பா வியாபாரியிடம் மல்லுக்கட்டுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இதில் சொல்ல நிறைய இருக்கும், வகுப்பில் பெரியவர்களிடம் 'ஏன்' என்று கேட்கலாம் என்ற அனுமதிதான் அதற்கு இதுவரை கிடைக்கவில்லை. அந்த அனுமதியை நீங்கள் கொடுக்கலாம்.

பெஞ்சுக்கு ஒரு பதில், எதிர் பெஞ்சிலிருந்து ஒரு மறுப்பு, பத்து நிமிடம் போதும். அப்புறம் அதையே ஐந்து மார்க் விடையாக எழுதச் சொல்லுங்கள். அந்த நோட்டைத் தாளாளரிடம் காட்டுங்கள்.