வலியைச் சொல்வதை ஏன் நிறுத்தினாள்?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. நான்கு வருடமாகப் பியானோ கற்கிறாள். கிரேடு பரீட்சைக்கு எடுத்திருக்கும் பாட்டில் ஆக்டேவ்கள் (ஒரு ஸ்வரத்தையும் அதன் மேல் ஸ்வரத்தையும் ஒரே கையால் சேர்த்து அழுத்துவது) வருகின்றன. கட்டைவிரலும் சுண்டுவிரலும் எட்டவில்லை, என்னைப் போலவே சின்னக் கை. தினமும் இரவு அவள் அப்பா பத்து நிமிடம் விரல்களை விரித்து இழுத்துவிடுகிறார். முதலில் அழுதாள். இப்போது வலிக்கிறது என்று சொல்வதில்லை, பழகிவிட்டது. விரல் விரியக் கருவி விற்கிறார்களே, வாங்கலாமா?
- ஒரு வாசகி, கோவை

பதில்: வாங்காதீர்கள். இழுப்பதையும் இன்றோடு நிறுத்துங்கள்.

"பழகிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்களே அம்மா, எது பழகியது? இழுத்து இழுத்து மூட்டு பழகாது. அழுதாலும் அப்பா விடமாட்டார், அம்மா பார்த்துக்கொண்டுதான் இருப்பார் என்பது அவளுக்குப் பழகிவிட்டது. கருவியைப் பற்றி விசாரிக்க வந்த நீங்கள் இதைப் போகிறபோக்கில் எழுதியிருப்பதுதான் எனக்குக் கோபம். வலி என்று குழந்தை முதலில் ஓடி வரவேண்டிய இடம் வீடு. அங்கேயே வாயை மூடக் கற்றவள் நாளை பள்ளியில் ஏதாவது நடந்தால் யாரிடம் சொல்வாள்? அவள் அப்பாவுக்குப் பாசம் இல்லை என்று நான் சொல்லவில்லை. பாசம் இருக்கிறவர் கையை விட்டிருக்க வேண்டும்.

சரி, கைக்கு வருவோம். பியானோவில் ஒரு 'ஸ'விலிருந்து மேல் 'ஸ' வரை சுமார் 16.5 சென்டிமீட்டர். அந்தக் கட்டைகளின் அகலம் 11 வயதுக் கைக்காக அளந்ததல்ல. ஜோசப் ஹாஃப்மன் உலகப் புகழ்பெற்ற பியானோ கலைஞர். அவர் கை சிறியது என்பதால் பியானோ தயாரிக்கும் ஸ்டைன்வே நிறுவனமே அவருக்குக் குறுகிய கட்டைகள் வைத்த பியானோ செய்து கொடுத்தது. அவர் விரலை யாரும் இழுக்கவில்லை, கட்டையைத்தான் மாற்றினார்கள். ஸ்பெயினின் பியானோ கலைஞர் அலிசியா டி லரோச்சா ஐந்தடி உயரம்கூட இல்லாதவர், பெரிய பெரிய படைப்புகளையெல்லாம் வாசித்தார்.

பரீட்சை நடத்துவது எந்த போர்டு என்று நீங்கள் எழுதவில்லை. பிரிட்டனின் இசைத் தேர்வு அமைப்பான ஏபிஆர்எஸ்எம் என்றால், கை எட்டாத இடத்தில் எப்போதாவது ஸ்வரங்களை ஒன்றன்பின் ஒன்றாக விரித்து வாசிக்கவோ, ஆக்டேவில் ஒரு ஸ்வரத்தை விட்டுவிடவோ விதியிலேயே இடமிருக்கிறது, இசை கெடாமல் இருந்தால் போதும். பாட்டு முழுக்க ஆக்டேவ்தான் என்றால் பட்டியலில் வேறு பாட்டு எடுங்கள். ஆசிரியரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள், குழந்தையை அனுப்பாதீர்கள். கை இன்னும் வளரும். அதுவரை கட்டையின் விளிம்பில் வாசிக்கட்டும், ஒவ்வொரு ஆக்டேவுக்குப் பிறகும் கையைத் தளர்த்தட்டும்.

அப்புறம், இந்த வாரமே எலும்பு மருத்துவரிடம் அந்தக் கையைக் காட்டுங்கள்.

இன்று இரவு அந்தப் பத்து நிமிடம் நீங்கள் இருவரும் அவள் பக்கத்தில் உட்காருங்கள். "எங்கே வலிக்குது?" என்று அப்பாவே கேட்கட்டும். "இல்லை" என்றுதான் சொல்வாள். நாளைக்கும் கேளுங்கள்.