போர்க்காலத்தில் எதிர்த்தரப்போடு ஒத்துழைத்தவர்களை ஒரு சமூகம் எவ்வாறு நினைவில் வைத்திருக்கிறது?

யாழ்ப்பாணத்தில் இக்கேள்விக்கான விடை 'துரோகி' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்தது. போர் முற்றுவதற்கு முன்பே, அரசுக்குத் துணைபோனவர் என்று பழிசுமத்தப்பட்ட மேயர் அல்பிரட் துரையப்பா, 1975 யூலை 27 அன்று பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோவிலடியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பெயரைத் தாங்கிய விளையாட்டரங்கிலேதான் இன்றும் எங்கள் பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள்.

அதைவிடக் கடினமானது 'தலையாட்டி'யின் நினைவு. இராணுவச் சுற்றிவளைப்பின்போது வரிசையில் நிறுத்தப்பட்டவர்கள் முன்னால், கண்களுக்கு மட்டும் துளையிட்ட சாக்கினால் முகம் மூடப்பட்ட ஒருவர் கொண்டுவரப்படுவார். அவர் தலையசைத்தால் அந்த இளைஞன் வாகனத்தில் ஏற்றப்படுவான். அவர் காசுக்காகச் செய்தாரா, சித்திரவதை தாங்காமல் செய்தாரா என்பதை வரிசையில் நின்றவர்கள் அறியமாட்டார்கள்.

ஜேர்மன் ஆக்கிரமிப்பிலிருந்து விடுபட்ட பிரான்சில் 1944இல், ஜேர்மனியரோடு உறவாடியதாகச் சொல்லி, பெண்களின் தலையைத் தெருவில் மழித்தார்கள்; யூதர்களைப் பிடித்துக்கொடுத்ததில் பிரெஞ்சு அரசுக்கிருந்த பொறுப்பையோ, 1995இல் சிராக் பேசும்வரை எந்தச் சனாதிபதியும் ஏற்கவில்லை. எளியவர்மீது தீர்ப்பு முந்திக்கொள்கிறது என்றே நான் கருதுகிறேன்.

விசாரணையின்றித் துரோகியென்று கொல்லப்பட்டவருக்கு, அயலாரை அழைக்காமல், கதவைச் சாத்திக்கொண்டு திவசம் செய்த வீடுகளை நான் அறிவேன்.