டிரிஃப்டிங் பழக ஆசையா? காரைக் கடைசியில் வாங்குங்கள்

கேள்வி: அண்ணா, எனக்கு வயது 24. தேசிய சேவை முடித்துவிட்டு விமானப் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். வகுப்பு 3 உரிமம் இருக்கிறது. டிரிஃப்டிங் போட்டியில் இறங்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. கையில் 15,000 வெள்ளி சேமிப்பு. ஜோகூர் பாருவில் நண்பனின் மாமா தன்னுடைய பழைய நிசான் சிஃபீரோ ஏ31 காரை 18,000 ரிங்கிட்டுக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? அதுவரை துவாஸ் பக்கம் ஆளில்லாத தொழிற்பேட்டைச் சாலையில், இரவு நேரத்தில் அப்பாவின் ஆல்ட்டிஸில் பழகலாமா? எவ்வளவு காலத்தில் போட்டிக்குப் போக முடியும்?
- கதிர், ஈசூன்

பதில்: தம்பி கதிர், நடுக்கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். துவாஸ் வேண்டாம். லிம் சூ காங்கும் வேண்டாம், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கார்நிறுத்த மேல்தளமும் வேண்டாம். பொதுச்சாலையில் காரை வேண்டுமென்றே சறுக்க விடுவது இங்கே அபாயகரமாக வாகனமோட்டும் குற்றம். யாருக்கும் காயம் படாவிட்டாலும், முதல் தடவையே 5,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உரிமமும் பறிபோகலாம். சாலையோரத்தில் எதையாவது இடித்தால் காப்புறுதி நிறுவனம் கைவிரித்துவிடும். இத்தனைக்கும் ஆல்ட்டிஸ் முன்சக்கர இயக்கக் கார். ஹேண்ட்பிரேக்கை இழுத்தால் பின்பக்கம் இழுபட்டுத் திரும்பும், அவ்வளவுதான். ஆக்ஸிலேட்டரால் சறுக்கலைப் பிடித்து வைத்திருப்பதுதான் டிரிஃப்டிங்; அதை அந்தக் காரில் ஆயுள் முழுக்கப் பழகினாலும் வராது. அப்பாவின் பின்டயர்களில் தட்டையான தழும்பு விழுவதுதான் மிச்சம்.

சிங்கப்பூரில் நிரந்தரப் பந்தயத் திடல் கிடையாது. சாங்கியில் வரவிருந்தது கைவிடப்பட்டு பத்தாண்டுக்கு மேலாகிறது. 2008 முதல் மரினா பேயில் நடக்கும் எஃப்1 பந்தயம் நகரச் சாலைகளை மூடி நடத்துவது. அதில் நமக்கு இடமில்லை. ஆகவே பழகும் இடம் பாலத்துக்கு அப்பால் மலேசியாவில்தான்: ஜோகூர், கிள்ளான் பள்ளத்தாக்கு, சிப்பாங் வட்டாரம். பணமும் லீவும் சேர்ந்து அமைந்தால் ஜப்பானின் ஃபுகுஷிமா மாவட்டத்தில் எபிசு திடல் இருக்கிறது. ஒரே மலையில் பல தடங்கள் கொண்ட இடம். வெளிநாட்டுத் தொடக்கக்காரர்கள் வாடகைக் காரில் பழகப் போவது வழக்கம்.

இனி கார். இங்கே பதிவு செய்யும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) விலை உங்களுக்கே தெரியும். மூன்று ஆண்டைத் தாண்டிய பழைய காரைச் சாதாரணமாக இறக்குமதி செய்யவும் முடியாது. 35 ஆண்டு கடந்தவற்றுக்குப் பழங்கார்த் திட்டம் இருக்கிறது; ஆனால் ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்டலாம், அதுவும் மூல நிலையில் பாதுகாத்து வைக்கும் காருக்கு. மலேசியப் பதிவுக் காரைச் சிங்கப்பூர்வாசி இங்கே கொண்டுவந்து ஓட்டவும் கூடாது. எனவே கார் அங்கேயே ஒரு பட்டறையில் நிற்க வேண்டும், திடலுக்கு இழுவை லாரியில் போக வேண்டும். உங்கள் பெயருக்கு மாற்ற முடியுமா, யார் பெயரில் இருக்கும் என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஜேபிஜே (மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறை) அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மாமா நல்லவராகவே இருக்கட்டும், எழுத்தில் இருப்பதுதான் நிற்கும்.

சிஃபீரோ ஏ31 மோசமான தேர்வு இல்லை. சொல்லப்போனால் தொடக்கக்காரருக்கு நிசானின் இன்னொரு காரான சில்வியா எஸ்13-ஐவிட எளிது. காரணம் சக்கரங்களுக்கு இடைப்பட்ட நீளம்: எஸ்13-இல் 2,475 மில்லிமீட்டர், ஏ31-இல் 2,670. நீளமான கார் மெதுவாகத் திரும்பும். தவறைத் திருத்த உங்களுக்கு ஒரு கணம் கூடுதலாகக் கிடைக்கும். குட்டைக் காரான மாஸ்டா எம்எக்ஸ்-5 அந்த ஒரு கணத்தைத் தராது. சஸ்பென்ஷன் பாகங்கள் பலவும் எஸ்13, ஸ்கைலைன் ஆர்32 ஆகியவற்றோடு பொருந்துவதால் உதிரிப் பாகத்துக்கு அலைய வேண்டாம். ஏ31-இன் ஆர்பி20இ எஞ்சின் 125 குதிரைத்திறன் அளவில்தான் தரும். "பத்தாதே, டர்போ ஏற்றிவிடு" என்று பட்டறையில் நாலு பேர் சொல்வார்கள். காதில் வாங்காதீர்கள். முதல் ஆண்டுக்குப் போதும். திறன் குறைந்த காரில் சறுக்கலைத் தொடங்கவும் தக்கவைக்கவும் காரின் எடையை நகர்த்தக் கற்றாக வேண்டும். 300 குதிரைத்திறனில் வலது பாதமே எல்லாத் தப்பையும் மூடி மறைத்துவிடும், பிறகு போட்டியில் அது வெளிப்படும்.

பார்க்கப் போகும்போது இவற்றைச் செய்யுங்கள். கியர் மேனுவலா என்று முதலில் கேளுங்கள். அங்கே ஓடிய ஏ31-களில் ஆட்டோமேட்டிக்கும் உண்டு, மாற்றும் செலவு தனி. பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கியரை நியூட்ரலில் விட்டு, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மறு சக்கரம் எதிர்த்திசையில் சுற்றினால் டிஃபரன்ஷியல் (இரு பின்சக்கரங்களுக்கும் எஞ்சின் விசையைப் பிரித்துத் தரும் பகுதி) சாதாரண ஓப்பன் வகை. அதை வைத்து டிரிஃப்ட் செய்ய முடியாது, உள்சக்கரம் மட்டும் புகை விடும். அதே திசையில் சேர்ந்து சுற்றினால் எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் டிஃபரன்ஷியல்) அல்லது பற்றவைத்துப் பூட்டியது. திடலில் மட்டும் ஓடும் காருக்குப் பற்றவைத்ததே போதும், மலிவு. ஆனால் உள்ளே பற்றவைப்பு விட்டுப்போனால் பின்சக்கரங்கள் திடீரென்று இறுகிவிடலாம், அதனால் யார் செய்தது என்று விசாரியுங்கள். பானெட்டைத் திறந்து முன் ஸ்ட்ரட் (சஸ்பென்ஷன் தூண்) மேல்பகுதியையும், காருக்கு அடியில் கதவோரச் சட்டங்களையும் துருவுக்குப் பாருங்கள். ஆறு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் (உள்ளழுத்த) சோதனை கேளுங்கள். ஒன்றுக்கொன்று பத்து விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விலை பேச வேண்டாம், வீட்டுக்குத் திரும்புங்கள். எஞ்சின் எண் பதிவு அட்டையில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும், இப்போதே வாங்காதீர்கள். முதலில் மூன்று நான்கு முறை வாடகைக் காரிலோ பயிற்சி தருபவரின் காரிலோ ஓட்டிப் பாருங்கள். பாதிப் பேர் மூன்றாம் தடவையோடு ஆசை தீர்ந்து நின்றுவிடுகிறார்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. வாங்குவதானால் காருக்கு ஏறக்குறைய 5,500 வெள்ளி. அதே அளவை டயருக்கும் பழுதுக்கும் ஒதுக்கிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுங்கள். யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கக்கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கணினியில் அசெட்டோ கோர்சா என்ற கார் ஓட்டும் சிமுலேட்டர், 900 பாகை சுற்றும் ஸ்டீயரிங், கிளட்ச் உள்ள மூன்று பெடல், தனி ஹேண்ட்பிரேக். இது விளையாட்டு இல்லை. எடை மாறும்போது ஸ்டீயரிங் தானாகவே எதிர்ப்பக்கம் சுழல்வதை விரலிடுக்கில் விட்டுப் பிடிக்கும் பழக்கம் இதில் வந்துவிடும். திடலில் அதைக் கற்க ஒரு செட் டயர் எரியும். அதிர்வு கீழ்வீட்டுக்கு இறங்கும், அதனால் அடியில் தடித்த ரப்பர் விரிப்புப் போடுங்கள். இருக்கை வழியாக உடம்புக்கு வரும் உணர்வை மட்டும் சிமுலேட்டர் தராது.

திடலில் முதல் நாள் முழுவதும் ஒரே ஒரு கூம்பைச் சுற்றித்தான். முதல் கியரில் மெதுவாக உருளவிட்டு, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் நன்றாகத் திருப்பி, கிளட்சை மிதித்து, எஞ்சினை நிமிடத்துக்கு 4,000 சுற்றுக்கு ஏற்றிக் கிளட்சைப் பட்டென்று விடுங்கள். பின்பக்கம் கிளம்பியதும் ஸ்டீயரிங்கை இறுகப் பிடிக்காதீர்கள். அது தானே எதிர்ப்பக்கம் ஓடும், வேண்டிய இடத்தில் பிடித்து நிறுத்துங்கள். கண் பானெட்டைப் பார்க்கக் கூடாது, கூம்பைப் பார்க்க வேண்டும். பயந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை முழுதாக எடுத்தால் பின்டயர் திடீரென்று பிடித்து, கார் எதிர்ப்பக்கம் உதறும். எல்லாரும் செய்யும் தப்பு இதுதான், கார் மோதுவதும் பெரும்பாலும் இப்படித்தான். காலை எடுக்காதீர்கள், குறையுங்கள். கை மீறிச் சுழன்றால் இரண்டு காலும் கீழே: கிளட்ச், பிரேக். ஒரே அளவு வட்டத்தில் இடமும் வலமும் பத்துப் பத்துச் சுற்று வந்த பிறகுதான் அடுத்தது.

அடுத்தது எட்டு போடுவது. இரண்டு கூம்பு, நடுவில் 20 முதல் 25 மீட்டர். நடுவில் கடக்கும்போது ஆக்ஸிலேட்டரை ஒரு கணம் தளர்த்தினால் எடை மறுபக்கம் சாயும், ஸ்டீயரிங் சுழலும், அது பாதி வழி வந்ததும் மறுபடி மிதியுங்கள். சீக்கிரம் மிதித்தால் கார் நேராக ஓடிவிடும், தாமதித்தால் சுழன்றுவிடும். பல வாரம் இதிலேயே போகும். போகட்டும்.

ஹேண்ட்பிரேக் நுழைவு அதற்குப் பின். இரண்டாம் கியர், 50 கிலோமீட்டர் வேகம்: முதலில் திருப்பு, பிறகு கிளட்ச், பிறகு பொத்தானை அழுத்தியபடியே ஹேண்ட்பிரேக்கை அரை நொடி இழுத்து விடு, சுற்றை ஏற்றிக் கிளட்சை விடு. திருப்புவதற்கு முன் இழுத்தால் கார் நேராகச் சறுக்கும். கிளட்சை மிதிக்க மறந்தால் எஞ்சின் நின்றுபோகும், ஆக்சிலுக்கும் அடி.

டயர் விஷயத்தில் தலைகீழாகச் செலவழிப்பவர்கள் அதிகம். நல்ல டயர் முன்னால், மலிவானது பின்னால். முன்டயர் பிடித்தால்தான் காரின் திசை உங்கள் கையில். காற்றழுத்தம் முன்னால் 32 பிஎஸ்ஐ, பின்னால் 40-இல் தொடங்குங்கள். 125 குதிரைத்திறனுக்குப் பின்டயர் விரைவில் சறுக்க அதிகக் காற்று உதவும். பக்கச்சுவரில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டாதீர்கள், சூடானால் அழுத்தம் இன்னும் ஏறும். பழைய டயர் வாங்கும்போது பக்கச்சுவரின் நான்கு இலக்கத்தைப் படியுங்கள்: 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம். ஆறாண்டுக்கு மேற்பட்டதில் மேல்தட்டு உரிந்து, சக்கர வளைவையே கிழித்துக்கொண்டு வரும். ஒரு நாளுக்கு நான்கிலிருந்து ஆறு பின்டயர் ரிம்மோடு தயாராக இருக்கட்டும்.

சக்கரக் கோணங்களுக்குத் தொடக்கத்தில் முன்கேம்பர் (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு) மைனஸ் 3 பாகை, முன் டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் திருப்பம்) சற்று வெளிப்பக்கம், காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சின் பின்சாய்வு) எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவு, ஏனென்றால் ஸ்டீயரிங்கைத் தானாகத் திரும்ப வைப்பது அதுதான். பின்கேம்பர் மைனஸ் 1-க்குள், டோ பூஜ்யம். சஸ்பென்ஷன் மூட்டுகளின் ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால் இந்த எண்களுக்கெல்லாம் அர்த்தமில்லை, முதலில் அவற்றை மாற்றுங்கள்.

நம் வெயிலில் எஞ்சினைக் கொல்வது வெப்பம். ஐந்தாறு சுற்றுக்கு ஒருமுறை ஒரு சுற்று மெதுவாக ஓட்டி, பானெட்டைத் திறந்து ஆற விடுங்கள். கூலன்ட் 100 பாகையை நெருங்கினால் நிறுத்துங்கள். ஸ்டீயரிங்கைக் கடைசிவரை திருப்பியே வைத்திருப்பதால் பவர் ஸ்டீயரிங் எண்ணெய் கொதித்து வழியும். சிறு கூலர் ஒன்று போட்டால் தீரும். வீல் நட்களை ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) வைத்து 110 நியூட்டன் மீட்டருக்குச் சரிபாருங்கள். விமானத்தில் கைவைப்பவருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் திடலில் கழன்றோடும் சக்கரத்தின் சொந்தக்காரர் எப்போதும் "காலையில் இறுக்கினேனே" என்றுதான் சொல்வார். 2 கிலோ தீயணைப்பான், டாட் 4 பிரேக் திரவம், கேபிள் டை ஒரு கட்டு, தண்ணீர் 5 லிட்டர் கூடவே இருக்கட்டும்.

சிங்கப்பூர்ப் பதிவுக் காரில் போகிறவர்கள் முக்கால் டாங்க் விதியையும் (எல்லை தாண்டும்போது முக்கால் டாங்க் பெட்ரோல் இருக்க வேண்டும்) மலேசியாவின் விஇபி (வாகன நுழைவு) அனுமதியையும் மறக்க வேண்டாம். அங்கே ரான்95 பெட்ரோல் நமக்கில்லை, ரான்97 போடுங்கள்.

போட்டி பற்றி. ஜப்பானின் டி1 போட்டித்தொடர் 2001-இல், அமெரிக்காவின் ஃபார்முலா டிரிஃப்ட் தொடர் 2004-இல் தொடங்கிய காலந்தொட்டு அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்: முதலில் தனி ஓட்டம், அதில் தேறியவர்கள் இருவர் இருவராக, ஒருவர் பின் ஒருவர் ஓடும் மோதல். நடுவர் பார்ப்பது ஓடும் கோடு, கோணம், பாணி. யார் முதலில் வந்தார் என்பது கணக்கில்லை. சுழன்றால் பூஜ்யம், நடுவில் நேராகிவிட்டாலும் பூஜ்யம். மோதலில் ஒருமுறை நீங்கள் முன்னால், மறுமுறை பின்னால். பின்னால் போவது கடினம்: முன்காரைப் பார்த்தே ஓட்டினால் அவர் செய்யும் தப்பையும் நீங்கள் செய்வீர்கள். தொடக்கக்காரர் பிரிவு உள்ள நிகழ்ச்சியாகத் தேடுங்கள். வாரக்கடைசிகளில் ஒழுங்காகப் பழகினாலும் ஓராண்டுக்கு முன் பெயர் கொடுக்காதீர்கள். எட்டை இரு பக்கமும் தடங்கலின்றி ஓட்டுவதே உங்கள் தகுதித் தேர்வு.

அதிகாரபூர்வப் போட்டிக்கு உரிமம் வேண்டும். அதை உங்கள் நாட்டுச் சங்கமான மோட்டார் ஸ்போர்ட்ஸ் சிங்கப்பூர்தான் தரும், வெளிநாட்டில் ஓட அனுமதியும் அவர்களிடமே. கூண்டுக் கம்பி (கார் உருண்டால் ஓட்டுநரைக் காப்பது), ஆறு முனை இருக்கைவார், தீ தாங்கும் உடை எல்லாம் அந்தந்தப் போட்டி விதிப்புத்தகத்தில் இருக்கும். காரில் கூண்டு பற்றவைப்பதற்கு முன் அதைப் படியுங்கள், அளவு தப்பினால் ஆய்விலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஹெல்மெட்டை மட்டும் இப்போதே வாங்கலாம். மோட்டார்சைக்கிள் ஹெல்மெட்டில் தீ தாங்கும் உள்துணி இல்லை, ஏற்க மாட்டார்கள். உள்ளே ஸ்நெல் எஸ்ஏ (கார்ப் பந்தய ஹெல்மெட்டுக்கான பாதுகாப்புத் தரம்) முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, தலையில் மாட்டி, ஹெல்மெட்டின் தாடைப் பகுதியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கன்னம் கூடவே அசைய வேண்டும்.