உறுப்பினர்கள் கேட்கும் வசதிகளையெல்லாம் செய்து கொடுக்க வேண்டுமா?

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து ஒரு சிறிய இணையக் குழுமம் நடத்துகிறோம். உறுப்பினர்கள் தினமும் புதுப் புது வசதி கேட்கிறார்கள். எதைச் செய்வது, எதை விடுவது? வாக்கெடுப்பு வைத்தால் போதுமா?

வாக்கெடுப்பு மட்டும் போதாது. வைக்கவே கூடாது என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால், உங்கள் ஆட்கள் வாயால் கேட்பது ஒருபக்கம் இருக்கட்டும், தளத்தில் கையால் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

நான் ஒரு தமிழ் மாடித்தோட்டக் குழுமத்தின் நிர்வாகிகளில் ஒருவன். ‘ஆலோசனைகள்’ பகுதி என் பொறுப்பு. நல்ல கேள்வி ஏதாவது வந்தால், கீழே வரிசையாக ஒரு புள்ளியை மட்டும் கமென்ட்டாக வைத்துவிட்டுப் போவார்கள். ஃபேஸ்புக் குழுக்களிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். அடுத்து யாராவது பதில் போட்டால் தனக்கும் அறிவிப்பு வர வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். ஆனால் ஆலோசனைப் பகுதியில் ஒருவர்கூட ‘அறிவிப்பு வசதி வேண்டும்’ என்று எழுதவில்லை. எழுதியவர்கள் எல்லாரும் ‘புள்ளி வைக்கிறவர்களைத் தடை செய்யுங்கள், எரிச்சலாக இருக்கிறது’ என்றுதான் எழுதினார்கள். கேள்விக்குக் கீழே ‘பதில் வந்தால் சொல்’ என்று ஒரு பட்டன் வைத்தோம். புள்ளிகள் குறைந்தன. முழுதாக நிற்கவில்லை. சிலருக்குப் புள்ளி வைத்தே பழகிவிட்டது, இருந்துவிட்டுப் போகட்டும்.

ட்விட்டரின் ஹேஷ்டேக் வந்த கதையும் இதுதான். 2007 ஆகஸ்டில் கிறிஸ் மெசினா என்ற பயனர், பேசுபொருளுக்கு முன்னால் ஹேஷ் குறி போடலாமே என்று யோசனை சொன்னார். நிறுவனம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த அக்டோபரில் சான் டியேகோ பக்கம் காட்டுத்தீ பரவியபோது, தகவல் பகிர்ந்தவர்கள் அந்தக் குறியைப் போட ஆரம்பித்தார்கள். 2009-ல்தான் ட்விட்டர் அதை அழுத்தினால் திறக்கும் இணைப்பாக மாற்றியது. ரீட்வீட்டும் அப்படித்தான்: முதலில் மக்களே ‘ஆர்டி’ என்று கையால் எழுதி மற்றவர் ட்வீட்டை நகலெடுத்துப் போட்டார்கள், பட்டன் 2009 நவம்பரில் வந்தது. ஆனால் அந்தப் பட்டனை உருவாக்கிய கிறிஸ் வெதரெல் 2019-ல் ஒரு பேட்டியில் அதற்காக வருத்தப்பட்டார். நகலெடுத்து ஒட்டும் சிரமம் இருந்தவரை மனிதர்கள் ஒரு நொடியாவது யோசித்தார்கள், பட்டன் வந்ததும் அதுவும் போயிற்று. ஆகவே கையால் செய்வதையெல்லாம் பட்டனாக்கிவிடலாம் என்றும் கிளம்பிவிடாதீர்கள்.

எங்களுக்கு வந்தவற்றிலேயே காரசாரமான கோரிக்கை ஒன்று உண்டு. ‘புதிதாகச் சேருகிறவர்கள் முதல் பதினைந்து நாள் கேள்வியே கேட்கக் கூடாது, பூட்டுப் போடுங்கள்’ என்பது. செம்பருத்தியில் மாவுப்பூச்சி, என்ன செய்வது என்று மாதம் முழுக்க யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பதில் சொல்லிச் சொல்லிப் பழைய ஆட்களுக்குச் சலித்துவிட்டது. ‘தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டால் என்ன?’ என்பது அவர்கள் கோபம். ஆதரவும் நிறைய. வாக்கெடுப்பு வைத்திருந்தால் பூட்டு சுலபமாக ஜெயித்திருக்கும்.

சரி, புதிதாக வந்தவர் தேடினால் என்ன கிடைக்கும் என்று தேடிப் பார்த்தேன். ‘மாவுப்பூச்சி’ என்று சேர்த்து எழுதினால் ஒரு பட்டியல். ‘மாவு பூச்சி’ என்று பிரித்து, ஒற்று இல்லாமல் எழுதினால் வேறு பட்டியல். ஆங்கிலப் பெயரில் ‘மீலிபக்’ என்றால் மூன்றாவது. ஒன்றில் வருவது மற்றதில் வராது. கத்தரி, கத்திரி அதே கதை. ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தில்’ என்று எழுதிய பதிவு வராது, ஏனென்றால் நம் வேற்றுமை உருபு சொல்லின் வாலையே மாற்றிவிடுகிறது. ஆங்கிலத்துக்கு எழுதிய தேடுபொறியை அப்படியே தூக்கி வைத்தால் இதுதான் நடக்கும்.

இவையாவது கண்ணுக்குத் தெரிகிற வேறுபாடு. தெரியாதது இன்னும் மோசம். கொய்யாவைத் தின்னும் வௌவாலை எடுத்துக்கொள்ளுங்கள். ‘வௌ’ என்பதன் ஔகாரக் குறிக்கு, கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடில் தனிக் குறியீடு இருக்கிறது. ஆனால் பலர் ‘வெ’ தட்டி, அடுத்து ‘ள’ தட்டுகிறார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொல். ‘கொ’ போன்ற எழுத்துகளில் கொம்பும் காலும் தனித்தனியாகச் சேமிக்கப்பட்டிருந்தால், யூனிகோடின் வழக்கமான இயல்பாக்கமே (ஒரே எழுத்தின் வெவ்வேறு வடிவங்களை ஒரே மாதிரியாக்கும் முறை) இரண்டையும் ஒன்றாக்கிவிடும். இந்த ‘ள’ விஷயத்தை அது தொடாது, நாமேதான் விதி எழுத வேண்டும். அதிலும் கவனம் வேண்டும். ‘வெ’-க்குப் பின் ‘ள’ வந்தால் ‘வௌ’ ஆக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதினால் வெள்ளரிக்காய் காலி. ‘ள’ மேல் புள்ளியோ வேறு குறியோ இருந்தால் தொடாதே என்று சேர்த்து எழுத வேண்டும்.

பூட்டுப் போடவில்லை. இந்த எழுத்து வேறுபாடுகளைச் சரிசெய்து, பூச்சி, செடிப் பெயர்களுக்கு ஒரு மாற்றுச்சொல் பட்டியல் சேர்த்தோம். கேள்வியின் தலைப்பைத் தட்டும்போதே ஒத்த பழைய கேள்விகள் கீழே தெரியும்படி வைத்தோம். மாவுப்பூச்சி இன்னும் வருகிறது, ஆனால் பழைய ஆட்கள் கோபப்படும் அளவுக்கு இல்லை. பூட்டுக் கேட்ட அண்ணன் மட்டும் இன்றைக்கும் பூட்டுத்தான் சரி என்கிறார்.

டிஸ்லைக் பட்டன் கேட்காத குழுமம் உலகத்தில் கிடையாது. ஃபேஸ்புக்கில் 2009-ல் லைக் வந்த நாளிலிருந்து கேட்டார்கள். யாராவது இறந்துவிட்டார் என்ற செய்திக்கு லைக் போட முடியவில்லை என்பது அதில் முக்கியமான காரணம். 2016 பிப்ரவரியில் ஃபேஸ்புக் கொடுத்தது கீழ்நோக்கிய கட்டைவிரல் அல்ல. அன்பு, சிரிப்பு, வியப்பு, சோகம், கோபம் என்ற ஐந்து முகக்குறிகள். எங்களிடம் கேட்டவர்களுக்குப் பிரச்சினை சோகம் இல்லை, தப்பான அறிவுரை. ‘எறும்பு போக வேரில் உப்புத் தண்ணீர் ஊற்றுங்கள்’ என்று ஒருவர் எழுதினால், அதை நம்பி ஊற்றியவரின் தொட்டியே போய்விடும். டிஸ்லைக் வைத்திருந்தால் பிடிக்காத ஆளின் பதிவுக்கெல்லாம் விழுந்திருக்கும். ‘இந்த யோசனை செடிக்குக் கேடு’ என்று காரணத்தோடு கொடி காட்டும் வசதி வைத்தோம். அனுபவசாலிகள் பார்த்து, அந்தப் பதிலின் மேலேயே எச்சரிக்கை போடுகிறார்கள்.

இப்போது வாக்கெடுப்புக்கு வருகிறேன். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் செயலியை வைத்துத் தளத்தைப் பயன்படுத்தும் பார்வையற்ற உறுப்பினர் ஒருவர், எங்கள் பக்கத்தில் எதைத் தொட்டாலும் ‘பட்டன்’, ‘பட்டன்’ என்று மட்டும்தான் போன் சொல்கிறது, எது எந்தப் பட்டன் என்று தெரியவில்லை என்று எழுதினார். அந்தக் கோரிக்கைக்கு ஆதரவு வாக்கு ஒன்றே ஒன்று, அதுவும் அவருடையது. ஒவ்வொரு பட்டனுக்கும் பெயர் எழுதுவது சின்ன வேலை, அவருக்கோ தளம் முழுவதும் அதை நம்பித்தான் இருந்தது. பெரிய அளவிலும் இதே சிக்கல்தான். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2015-ல் எல்லா மொழிப் பங்களிப்பாளர்களையும் சேர்த்து விருப்பப் பட்டியல் வாக்கெடுப்பு தொடங்கியது. நல்ல கருவிகள் கிடைத்தன, மறுக்கவில்லை. ஆனால் எண்ணிக்கையே அளவுகோல் என்றால், கூட்டம் குறைந்த மொழிக்காரர்களின் தேவை எப்படி மேலே வரும்? 2024-ல் அந்த முறையை மாற்றி, ஆண்டு முழுவதும் விருப்பங்களைப் பெற்று, தொடர்புடையவற்றை ஒரே பகுதியாகத் தொகுக்கத் தொடங்கினார்கள். செய்வது என்று நீங்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட நான்கைந்து வேலைகளில் எது முதலில் என்று கேட்க வாக்கெடுப்பு நல்லது. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

செய்யப் போவதில்லை என்றால் அதைச் சொல்லிவிடுங்கள், காரணத்தோடு, சீக்கிரமாக. ‘பரிசீலிக்கிறோம்’ என்று அரசு அலுவலகம் மாதிரிப் பதில் எழுதாதீர்கள். நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவுக்கு, தளத்தைப் பற்றியே பேச மெட்டா என்று தனித் தளம் உண்டு; அதில் கோரிக்கைகளுக்கு நிலை ஒட்டுவார்கள்: முடிந்தது, திட்டத்தில் இருக்கிறது, நிராகரிக்கப்பட்டது, வேண்டுமென்றே இப்படித்தான் வைத்திருக்கிறோம் என்று. அந்தக் கடைசி வகை எனக்கு மிகவும் பிடிக்கும். விதைப் பரிமாற்றத்துக்கு வசதியாக எல்லார் பக்கத்திலும் போன் நம்பர் போடச் சொல்லி எங்களிடம் கேட்டார்கள். முடியாது என்று அன்றைக்கே எழுதினேன். எங்கள் உறுப்பினர்களில் பாதிக்கு மேல் பெண்கள், ராத்திரி பதினொரு மணிக்கு முன்பின் தெரியாத ஆள் கூப்பிட்டு ‘விதை இருக்கா மேடம்’ என்று ஆரம்பிப்பதற்கு நாங்கள் வழி செய்து கொடுக்க மாட்டோம். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள்.

இன்னொன்றையும் கேட்பீர்கள்: மாற்றம் செய்ததும் எல்லாரும் கத்தினால் திரும்பப் பெற வேண்டுமா? கத்தலின் அளவை வைத்து முடிவெடுக்க முடியாது. 2006 செப்டம்பரில் ஃபேஸ்புக், நண்பர்கள் செய்வதையெல்லாம் முகப்பிலேயே வரிசையாகக் காட்டும் நியூஸ் ஃபீட் கொண்டுவந்தபோது எதிர்ப்புக் குழுக்களில் லட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள். அந்தக் குழுக்கள் அத்தனை வேகமாகப் பரவியதே நியூஸ் ஃபீடால்தான் என்பது வேடிக்கை. நிறுவனம் தனியுரிமைக் கட்டுப்பாடுகளைச் சேர்த்தது, ஃபீடை எடுக்கவில்லை. 2010 ஆகஸ்டில், பயனர்கள் இணைப்புகளைப் பகிர்ந்து வாக்களிக்கும் டிக் தளம் தன் நான்காம் பதிப்பை வெளியிட்டபோதும் இதே கூச்சல். பிடிக்காததைப் புதைக்கும் பட்டன் போயிற்று, செய்தி நிறுவனங்கள் தங்கள் செய்திகளைத் தானாகவே உள்ளே செலுத்தும் வழி வந்தது. கோபத்தில் பயனர்கள் டிக்கின் முகப்பைப் போட்டித் தளமான ரெடிட்டின் இணைப்புகளால் நிரப்பினார்கள், பிறகு கூட்டமாக அங்கேயே குடிபோனார்கள். 2012-ல் டிக் சொற்ப விலைக்குக் கைமாறியது. என் கணிப்பு இது: நியூஸ் ஃபீட் மக்களைக் கூச்சப்பட வைத்தது, ஆனால் அவர்கள் செய்துகொண்டிருந்த எதையும் பிடுங்கவில்லை. டிக், முகப்பில் எது வர வேண்டும் என்ற அதிகாரத்தையே அவர்கள் கையிலிருந்து பிடுங்கியது. ‘பழசே நன்றாக இருந்தது’ என்ற புலம்பல் ஓரிரு வாரத்தில் அடங்கும். ‘முன்பு இதைச் செய்வேன், இப்போது முடியவில்லை’ என்று வருவதை ஒன்றுவிடாமல் படியுங்கள்.

உங்களுடையது சிறிய குழுமம் என்கிறீர்கள். பெரிய மென்பொருள் எதுவும் வாங்க வேண்டாம், ஒரு கூகுள் ஷீட் போதும். யார் கேட்டது, என்ன கேட்டார், என்ன செய்யப் போய் மாட்டிக்கொண்டார், நாம் என்ன பதில் சொன்னோம். மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால், வேறு எதையும் நிரப்பாமல் முதலில் அவரிடமே கேளுங்கள். ‘கடைசியாக எப்போது இது தேவைப்பட்டது, அப்போது என்ன செய்தீர்கள்?’ என்று ஒரு வரி எழுதினால் பெரும்பாலும் விஷயம் வெளியே வந்துவிடும். வேலை முடிந்ததும் கேட்டவருக்குத் தனியாகத் தெரிவித்துவிடுங்கள், பொது அறிவிப்பை அவர் பார்த்திருக்க மாட்டார்.