வாய் பிளந்தால் வெந்த மட்டியா?

கேள்வி: மட்டியை ஒரு இரவு உப்புத் தண்ணீரில் போட்டுவைத்து, மறுநாள் அவித்து, வாய் பிளந்ததும் இறக்கிவிடுவோம். அதற்கு மேல் வெந்தால் சதை இறுகிவிடும் என்கிறா மாமி. போன மாரியில் சாப்பிட்ட நாலு பேருக்கும் அடுத்த நாளே வாந்தி, வயிற்றோட்டம். மட்டி உயிரோடுதான் இருந்தது. பிறகு எப்படி?
- ஒரு வாசகி, கல்லடி

பதில்: மகள், அந்தக் கிருமி மட்டியை ஒன்றும் செய்யாது. பழுதான மணமும் வராது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் வாந்தியும் வயிற்றோட்டமும் தரும் நொரோ வைரஸின் போக்குத்தான் தெரிகிறது.

நான் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஆக இருந்த காலத்தில், ஒரு மாரியில் வாவிக்கரை வீடொன்றுக்குப் போனேன். மலசலகூடக் குழியின் மூடிக்கு மேலாகத் தண்ணீர் நின்றது. அது வடிந்துபோன பக்கம் வாவி. மட்டி அந்தத் தண்ணீரை உறிஞ்சி வடித்துத்தான் இரை எடுக்கிறது. மட்டியைப் போலவே இரை எடுக்கும் வளர்ந்த கடற்சிப்பி ஒன்று மணித்தியாலத்துக்குச் சில லீற்றர் வடிக்கும். தண்ணீரில் கொஞ்சமாய்க் கிடந்த வைரஸ் அதன் வயிற்றில் நூறு மடங்குக்கு மேலும் சேரலாம். பெருகுவதென்றால் மனித உடம்பில்தான். மட்டிக்குள் சேர மட்டும் செய்யும்.

ஒரு மட்டியைப் பிளந்து பாருங்கள். வெளிர்ச் சதைக்கு நடுவே கரும்பச்சையாக மெத்தென்று ஒரு முடிச்சு இருக்கும், நசுக்கினால் சேறுபோல வரும். வைரஸ் தங்கும் இடம் பெரும்பாலும் அதுதான். சிப்பியின் குடலில் நம் இரத்த வகையை (A, B, O) தீர்மானிக்கும் பொருளைப் போன்ற சர்க்கரைப் பொருள் உண்டு; நொரோ அதில் ஒட்டிக்கொள்ளும். இரவு முழுக்கத் தண்ணீரில் கிடந்தால் மண் கக்கும், பக்டீரியா ஓரளவு குறையும், வைரஸ் அவ்வளவு லேசில் போகாது.

வாய் பிளந்தால், மூடிப் பிடித்த தசை சூட்டில் விட்டுவிட்டது, அவ்வளவுதான். எங்கள் அம்மாவும் அந்த நேரம்தான் இறக்குவா. 1988இல் சீனாவின் ஷாங்காயில் கொதிநீரில் சற்றே முக்கி எடுத்த மட்டியைத் தின்று ஏறத்தாழ 3 இலட்சம் பேருக்கு வேறொரு வைரஸால் செங்கமாரி வந்தது. அதைப் படித்த பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பழக்கத்தை விட்டோம்.

ஓடு பிளந்த பிறகும் 5 நிமிடம் தளதளவென்று கொதிக்கட்டும். உட்சதை 90 பாகை செல்சியஸ் சூட்டில் ஒன்றரை நிமிடமாவது இருக்க வேண்டும். சட்டி நிறையப் போடாதீர்கள், நடுவில் கிடப்பது வேகாது. தேசிக்காய்ப் புளியை நம்பவே வேண்டாம். இரைப்பை அமிலத்தையே தாண்டி வரும் கிருமி இது.

சதை கொஞ்சம் இறுகும்தான். பொடியாக அரிந்து பால்கறி வைத்துக் கொடுங்கள், மாமி சாப்பிடுவா.