டிகாக்சின் மாத்திரை ஒண்ண வச்சே பாதி ஃபார்மகாலஜி படிக்கலாம்

கேள்வி: நர்சிங் ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். ஹாஃப் லைஃப், ஃபர்ஸ்ட் பாஸ், தெரப்யூட்டிக் இண்டெக்ஸ் எல்லாம் டெஃபனிஷன் மனப்பாடம். ஆனா வார்டுல ஸ்டாஃப் சிஸ்டர் "டிகாக்சினுக்கு முன்னாடி ஏன் பல்ஸ் பாக்கணும்"னு கேட்டா வாயடைச்சுப் போயிடுறேன். எப்படி படிக்கிறது?

பதில்: மொதல்ல டெஃபனிஷன், அப்புறம் மருந்து லிஸ்ட், நோயாளி கடைசில, இந்த வரிசைலதான் எல்லாரும் படிக்கிறோம் மா, அதான் சிக்கல். திருப்பிப் போடுங்க, ஸ்டாஃப் கேட்ட அந்த டிகாக்சின்லயே ஆரம்பிங்க.

டிகாக்சின் இதயத்த பலமா சுருங்க வைக்கும், கூடவே ஏவி நோடு (இதயத்தோட மேலறைல இருந்து கீழறைக்கு சிக்னல் கடக்குற இடம்) வழியா போற சிக்னல மெதுவாக்கும். ஹார்ட் ஃபெயிலியர்ல ரத்தத்துல மில்லிக்கு 0.5 முதல் 0.9 நானோகிராம் இருந்தா போதும், 2 தாண்டினா விஷம் மாதிரி, இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற சின்ன இடைவெளியத்தான் புக்குல நேரோ தெரப்யூட்டிக் இண்டெக்ஸ்னு எழுதியிருக்காங்க. மருந்து கொஞ்சம் கூடினாலும் துடிப்பு ரொம்ப கொறையும் இல்ல தாறுமாறாகும். அதனால நெஞ்சுல ஸ்டெத் வச்சு முழுசா ஒரு நிமிஷம் எண்ணணும், பெரியவங்களுக்கு 60க்கு கீழ இருந்தா மாத்திரைய நிறுத்தி வச்சுட்டு டாக்டர்கிட்ட சொல்லணும். 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்குறது இங்க ஆகவே ஆகாது, துடிப்பு விட்டு விட்டு வர்றத அது காட்டாது.

நான் ஸ்டூடன்டா இருந்தப்ப ஒரு பாட்டி, டிகாக்சினும் லாசிக்ஸும் (யூரின அதிகமா போக வைக்கிற மருந்து) போய்ட்டிருந்துச்சு, காலைல "சோத்தப் பாத்தாலே குமட்டுது, லைட்டெல்லாம் மஞ்சளா தெரியுது தாயி"ன்னாங்க, நான் கேஸ் ஷீட்ல பசி இல்லன்னு மட்டும் எழுதிட்டு மாத்திரைய கைல எடுத்துட்டேன். இன்சார்ஜ் சிஸ்டர் தடுத்து நெஞ்சுல ஸ்டெத் வச்சு எண்ணினாங்க, 48. குமட்டலும் மஞ்சள் பார்வையும் டிகாக்சின் டாக்ஸிசிட்டியோட அடையாளம்னு அன்னைக்குத்தான் எனக்கு ஒறைச்சுது.

ஏன் அப்படி ஆச்சு? டிகாக்சினும் பொட்டாசியமும் இதய செல்லுல இருக்குற ஒரே பம்ப்ல உக்கார போட்டி போடும், லாசிக்ஸால பொட்டாசியம் யூரின்ல போயிட்டா போட்டிக்கு ஆள் இல்ல, டிகாக்சின் நல்லா அழுத்தமா உக்காந்துக்கும். இதான் ட்ரக் இண்டராக்ஷன். அடுத்து, டிகாக்சின் பெரும்பாலும் மாறாம அப்படியே கிட்னி வழியாத்தான் வெளிய போகுது, வயசானவங்க கிட்னி மெதுவா வேலை செஞ்சா மருந்து உள்ளயே தங்கிடும். கிட்னி நல்லா இருந்தாலே ஹாஃப் லைஃப், அதாவது உடம்புல இருக்குற மருந்து பாதியா கொறைய ஆகுற நேரம், ஒண்ணரை நாள்லருந்து ரெண்டு நாள். 36 மணி நேரம்னே வச்சுக்கோங்க, ஒரு மருந்து கிட்டத்தட்ட முழுசா வெளியேற சுமார் 5 ஹாஃப் லைஃப் ஆகும், கணக்கு போட்டா 180 மணி நேரம், ஏழரை நாள்! இன்னைக்கு நிறுத்திட்டோம் நாளைக்கு சரியாயிடும்னு அந்த பாட்டிய விட்டுட முடியாது, பொட்டாசியம், கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற ரத்த டெஸ்ட்), துடிப்பு மூணையும் தொடர்ந்து பாக்கணும்.

ப்ளட் லெவல் எடுக்கச் சொன்னா டோஸ் குடுத்து 6 மணி நேரமாவது போகட்டும், அதுக்குள்ள எடுத்தா மருந்து ரத்தத்துல இருந்து இதயத் தசைக்கு முழுசா போயிருக்காது, லெவல் உண்மைய விட அதிகமா காட்டும். டிஸ்ட்ரிப்யூஷன்னு படிச்சீங்களே, அதான் இது.

ஃபர்ஸ்ட் பாஸுக்கு மட்டும் நெஞ்சு வலிக்கு குடுக்குற சார்பிட்ரேட் மாத்திரைய எடுத்துக்கோங்க. முழுங்கினா குடல்ல இருந்து நேரா கல்லீரலுக்குப் போய் பெரும்பகுதி அங்கயே ஒடஞ்சிடும், நாக்குக்கு அடில வச்சா கல்லீரலுக்குப் போகாமலே ரத்தத்துல கலந்து சில நிமிஷத்துல நெஞ்சு வலிய கொறைக்கும். வலில இருக்கவங்க பதட்டத்துல முழுங்கிடுவாங்க, பக்கத்துல நின்னு சொல்லிக் குடுங்க, பிபி பாக்காம குடுக்காதீங்க.

டிகாக்சின படிச்சு முடிச்சதும் ஜென்டாமைசின்ங்கற ஆன்டிபயாடிக்க படிக்க எடுங்க. அதுவும் கிட்னி வழியாத்தான் போகும், கூடினா கிட்னியும் காதும் பாதிக்கும், அப்போ அந்த நோயாளிகிட்ட என்னென்ன பாப்பீங்க, என்னென்ன கேப்பீங்கன்னு புக்கத் தொறக்காம நோட்டுல எழுதிப் பாருங்க.